ஊர் ஊராகப் போகிற வேலைக்குப் போகலாமா? காரைக்குடிப் பக்கம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கல்யாண வீட்டுப் பந்தி, கோயில் திருவிழா, பல்லவன் ரயிலின் எதிர் இருக்கை என்று எங்கே உட்கார்ந்தாலும் யாராவது ஒரு அப்பாவோ அம்மாவோ பையனைப் பக்கத்தில் இழுத்து நிறுத்தி, "இவனுக்கு ஊர் ஊராப் போற வேலை வந்திருக்கு, விடலாமா?" என்று என்னிடம் கேட்கிறார்கள். நூற்பாலைகளில் இயந்திரங்களை நிறுவி ஓட்டிக் கொடுக்கும் எரெக்‌ஷன் வேலையில் 19 வருடம் இருந்தவன் நான். மாதத்தில் 18, 20 ராத்திரி வெளியூரில்தான் படுக்கை. இப்போது காரைக்குடியோடு இருக்கிறேன். ஒவ்வொருவருக்கும் பாதி பாதியாகப் பதில் சொல்லி அனுப்புவது மனதுக்கு உறுத்தலாக இருப்பதால், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்வியைப் போட்டு முழுசாக எழுதிவிட்டேன்.

அண்ணே, பயணம் போற வேலைன்னா கப்பலும் ஏரோபிளேனும்தானா? வேற என்ன இருக்கு?

நிறைய இருக்கிறது. மெடிக்கல் ரெப், விதை உரக் கம்பெனி ஆள், கிளை கிளையாகப் போகும் பேங்க் ஆடிட்டர், லோகோ பைலட், டிக்கெட் பரிசோதகர், லிஃப்ட்டோ ஸ்கேன் இயந்திரமோ பழுது பார்க்கும் சர்வீஸ் எஞ்சினியர், காற்றாலைக்காரர்கள், பாறையை ஆராயும் புவியியலாளர், அகழாய்வுக் குழியில் நிற்கும் தொல்லியல் மாணவர் (கீழடி நம் சிவகங்கை மாவட்டம்தான்), சுற்றுலாக் குழுவைக் கூட்டிப் போகும் டூர் மேனேஜர், கல்யாணத்துக்குக் கல்யாணம் ஊர் மாறும் நம் செட்டிநாட்டுச் சமையல் மாஸ்டர். எல்லாம் பயண வேலைதான்.

வேலையின் பெயரை வைத்துப் பிரிக்காமல், எப்போது வீட்டுக்குத் திரும்புவீர்கள் என்பதை வைத்துப் பிரித்துப் பாருங்கள். காலையில் போய் ராத்திரி வீட்டுக்கு வந்துவிடும் வேலை ஒன்று. வாரத்தில் இரண்டு மூன்று நைட் ஹால்ட் உள்ள வேலை ஒன்று. போனால் மாதக்கணக்கில் வராத வேலை ஒன்று. மெடிக்கல் ரெப் முதல் இரண்டிலும் கலந்து இருப்பார், கப்பல்காரர் மூன்றாவது. என் அனுபவத்தில் ஆளைப் படுத்துவது இரண்டாவதுதான், ஏனென்றால் வீட்டிலும் முழுசாக இல்லை, வெளியிலும் முழுசாக இல்லை. இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பல பதில்களில் வரும்.

எனக்கு ஊர் சுத்த ரொம்பப் பிடிக்கும். அது போதாதா?

போதாது. அகமதாபாத்துக்கு நான் போய் வந்த கணக்கே எனக்கு மறந்துவிட்டது. சபர்மதி ஆசிரமத்தைப் பார்த்தது ஒரே ஒரு தடவை, அதுவும் உதிரி பாகம் வந்து சேராமல் வேலை நின்றுபோன ஒரு மதியத்தில். மற்ற நாளெல்லாம் ஸ்டேஷன், லாட்ஜ், மில் கேட், பஞ்சுத் தூசி, மறுபடி லாட்ஜ்.

எதுவும் பார்க்கக் கிடைக்காத ஒரு நாளிலும் அந்த வேலை உங்களுக்குப் பிடிக்குமா என்று யோசியுங்கள். எனக்கு இயந்திரம் முதல்முறையாக ஓடி நூல் அறுபடாமல் வரும் அந்த நிமிடம் பிடிக்கும், அதற்காகவே எங்கேயும் போவேன். புது ஆட்களோடு பேசப் பிடிப்பவர், ஒரே மேஜையில் தினமும் உட்கார்ந்தால் மூச்சு முட்டுகிறவர், இவர்களுக்கு ஒத்துவரும். ஊர் பார்ப்பதுதான் ஆசை என்றால் ஊரோடு ஒரு வேலையில் இருந்து, லீவு போட்டு, சொந்தக் காசில் போய்ப் பாருங்கள், அதில்தான் நிறையப் பார்க்க முடியும்.

நம்ம ஊர்க்காரங்க அந்தக் காலத்துலேயே பர்மா, மலேயான்னு போனவங்கதானே? நமக்கு ரத்தத்துலயே இருக்குல்ல?

இதைக் கேட்காத ஆள் இல்லை. அவர்கள் கப்பலேறிப் போனது உண்மை, கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் நிற்கும் வீடுகளின் பர்மா தேக்கு அதற்குச் சாட்சி. ஆனால் அதை ரத்தம் என்று சொல்லிவிட்டால் அதற்குப் பின்னால் இருந்த ஏற்பாடு மறைந்துவிடுகிறது. நகரத்தார் என்னும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வட்டிக் கடைகளில் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஒருவருக்குக் கீழ் ஒருவர் இருந்தார்கள். மேலாளாகப் போனவருக்கு வழக்கமான தவணை மூன்று வருடம். தவணை முடிந்து இன்னொருவர் வந்து கணக்கை ஒப்புக்கொண்டதும் ஊர் திரும்புவார். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் தங்கவும் தொழில் செய்யவும் கிட்டங்கி இருந்தது, சமையலுக்கு ஆள் இருந்தது. போகும்போதே திரும்பும் காலம் தெரியும், தன் இடத்துக்கு வேறொருவர் வருவார் என்பதும் தெரியும்.

இன்னொரு பக்கம் ஊரில். வளவுக்குள், அதாவது வீட்டின் உள்கட்டுக்குள், இருந்த ஆத்தாக்களும் ஆச்சிகளும்தான் பிள்ளை வளர்ப்பு, வரவு செலவு, கோயில் முறை, மொய் என்று குடும்பத்தை மூன்று மூன்று வருடமாகத் தாங்கினார்கள். அவர்களிடம் "உனக்குச் சம்மதமா" என்று கேட்டவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். இன்று நாம் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

பணத்தைப் பற்றியும் அந்தக் கதையில் ஒன்று இருக்கிறது. 1930-களின் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்து, கடன் வாங்கியவர்களால் திருப்பித் தர முடியாமல், கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம் 1938-க்குள் நான்கில் ஒரு பங்காகிவிட்டது. அவர்கள் ஆசைப்பட்டு வாங்கிய நிலம் இல்லை, காசு நிலமாக மாட்டிக்கொண்டது. 1942-ல் ஜப்பான் உள்ளே வந்தது, பல பேர் நடந்தே திரும்பினார்கள், சுதந்திரத்துக்குப் பிறகு பர்மா அரசு நிலத்தை எடுத்துக்கொண்டது. பிழைக்கப் போன இடத்திலேயே சேமிப்பு முழுவதையும் போட்டு வைக்காதீர்கள் என்று நான் பையன்களிடம் சொல்வது இதை வைத்துத்தான்.

என்ன படிச்சா இந்த மாதிரி வேலை கிடைக்கும்?

ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு. வணிகக் கப்பலில் அதிகாரி ஆக பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம் எடுத்து, இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் நடத்தும் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். பல்கலைக்கழகத்தின் தலைமையகம் சென்னையில்தான். மேல்தளப் பிரிவுக்குக் கண் பார்வை கறாராகப் பார்ப்பார்கள், நிறக்குருடு இருந்தால் கிடையாது. எஞ்சின் பிரிவில் கண்ணாடி போட்டவர்களுக்கும் ஓரளவு இடம் உண்டு. லோகோ பைலட் ஆக ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமோ போதும், ஆனால் கண்ணாடி இல்லாமல் முழுப் பார்வை வேண்டும், லேசிக் செய்த கண்ணை ஏற்பதில்லை. அதனால் முதல் செலவு கண் டாக்டருக்கு. பணம் கட்டிப் படித்து முடித்தபின் கண் பரிசோதனையில் திரும்பி வந்த பிள்ளைகளை இந்த ஊரிலேயே பார்த்திருக்கிறேன்.

புவியியல் எம்.எஸ்சி. படித்தவர்களுக்கு யு.பி.எஸ்.சி. தனித் தேர்வு வைத்து இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்துக்கு ஆள் எடுக்கிறது. 1851-ல் தொடங்கிய நிறுவனம், அங்கே வருடத்தில் பல மாதம் முகாம் வாழ்க்கைதான். சி.ஏ. படிப்பவர்கள் இப்போது இரண்டு வருடம் ஆர்ட்டிகிள்ஷிப், அதாவது ஆடிட்டரிடம் பயிற்சி, செய்ய வேண்டும், நல்ல ஆடிட் அலுவலகமாக இருந்தால் அதிலேயே வெளியூர் ஆடிட் வந்துவிடும், பயண வாழ்க்கை உங்களுக்குச் சரிப்படுமா என்று பார்க்க அதைவிட மலிவான வழி கிடையாது. மெடிக்கல் ரெப் வேலைக்கு ஒரு டிகிரியும் நல்ல பேச்சும் வண்டி ஓட்டத் தெரிவதும் போதும்.

பாஸ்போர்ட் இப்பவே எடுத்து வைக்கணுமா?

எடுத்து வையுங்கள். சிவகங்கை மாவட்டத்துக்கு மதுரை அலுவலகம், புதுக்கோட்டை மாவட்டத்துக்குத் திருச்சி. செட்டிநாடு இரண்டு மாவட்டத்திலும் கிடப்பதால் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்களே வேறு வேறு அலுவலகத்துக்குப் போக நேரும். 36 பக்கப் புத்தகம் 1,500 ரூபாய், 60 பக்கம் 2,000. அடிக்கடி போகிற வேலை என்றால் 60 வாங்குங்கள், எனக்கு ஒரு தடவை பக்கம் தீர்ந்து கடைசி நேரத்தில் ஓடியிருக்கிறேன்.

நம் ஆட்களுக்கு வரும் பெரிய தொல்லை இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முன்னால், பாஸ்போர்ட்டில் பின்னால் என்று மூன்று விதமாக இருந்தால் விசாவுக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் விளக்கக் கடிதம் எழுத வேண்டியிருக்கும். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரிலிருந்து ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசாவில் கெடுபிடி வைத்திருக்கிறது. அதனால் விண்ணப்பிக்கும்போதே குடும்பப் பெயர் கட்டத்தில் அப்பா பெயரை முழுசாகப் போட்டு, மற்ற ஆவணங்களையும் அதற்கு ஒத்தபடி மாற்றிவிடுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் மறக்காமல் சேருங்கள். அது இல்லாமல் எடுத்தால் வேலைக்கு வெளிநாடு போக அரசின் அனுமதி தேவைப்படும் ஈ.சி.ஆர். வகையில் பாஸ்போர்ட் வந்துவிடும், அப்புறம் வளைகுடா நாடுகள் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக ஒரு படி கூடுதல்.

சம்பளம் கம்மிதான், ஆனா பேட்டா நிறைய வரும்னு சொல்றாங்க. சரிதானே?

பேட்டாவைச் சம்பளமாக நினைத்துக் குடும்பம் நடத்தாதீர்கள். அது சாப்பாட்டுக்கும் தங்கலுக்கும் வருகிற காசு. பி.எஃப்., கிராஜுவிட்டி எதிலும் அது சேராது, வீட்டுக்கடன் கேட்டுப் போனால் வங்கி சம்பளத்தைத்தான் பார்க்கும். உடம்பு சரியில்லாமல் இரண்டு மாதம் வீட்டில் இருந்தால் பேட்டாவும் நின்றுவிடும். மெடிக்கல் ரெப்களிடம் கேட்டுப் பாருங்கள், ஹெட்குவார்ட்டர்ஸ் (இருக்கும் ஊர்), எக்ஸ் ஸ்டேஷன் (போய் அன்றே திரும்பும் ஊர்), அவுட் ஸ்டேஷன் (ராத்திரி தங்கும் ஊர்) என்று மூன்று விகிதம் இருக்கும். காரைக்குடி ஹெட்குவார்ட்டர்ஸ் என்றால் தேவகோட்டை எதில் வரும், ராமநாதபுரம் எதில் வரும் என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும், பிறகு பேச முடியாது.

பேட்டா எவ்வளவு என்பதைவிட எப்போது வரும் என்பது முக்கியம். நான் இருந்த ஒரு கம்பெனியில் டூர் பில் நான்கு மாதம் நின்றுபோனது. அந்த நான்கு மாதமும் லாட்ஜ் வாடகை, ரயில் டிக்கெட் எல்லாம் என் கையிலிருந்து, கடைசியில் மனைவியின் வளையலிலிருந்து. அட்வான்ஸ் கொடுக்காத கம்பெனி உங்கள் காசில் தொழில் நடத்துகிறது என்பதுதான் அதன் பொருள். இதைச் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

இன்டர்வியூல அவங்க "டிராவல் இருக்கும், ஓகேவா?"ன்னு கேட்டா என்ன சொல்றது?

ஓகே என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். திருப்பிக் கேளுங்கள்: போன மாதம் இதே வேலையில் இருக்கும் ஒருவர் எத்தனை ராத்திரி வெளியூரில் தங்கினார்? "சராசரியாக எவ்வளவு" என்று கேட்டால் நல்ல வார்த்தையாக ஏதாவது சொல்வார்கள், "போன மாதம்" என்று கேட்டால் எண்ணிக்கை வரும். கிளம்பும் நாளை யார் முடிவு செய்வார்கள், எத்தனை நாளுக்கு முன்னால் சொல்வார்கள்? ஞாயிற்றுக்கிழமை ரயிலில் கழிந்தால் அதற்கு மாற்று லீவு உண்டா? மெடிக்கல் இன்சூரன்ஸ் பெற்றோருக்கும் உண்டா?

கடைசியாகக் கேட்க வேண்டியது, நான் கேட்காமல் விட்டது: வீட்டில் ஒரு அவசரம் என்றால் என் இடத்துக்கு யார் வருவார்கள்? கப்பலில் இதற்கு ரிலீவர் என்று பெயரே இருக்கிறது, ரிலீவர் ஏறினால்தான் நீங்கள் இறங்க முடியும். முன்னே சொன்ன பர்மா கடைகளிலும் அதே வழக்கம்தான். கரையில் இருக்கும் பல கம்பெனிகளில்தான் ரிலீவர் என்ற யோசனையே கிடையாது, ஒருவர் போனால் அந்த சைட் முழுவதும் அவர் தலையில். ரிலீவர் பெயரைச் சொல்ல முடியாத கம்பெனி என்றால் நான் ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசிப்பேன்.

கப்பல் வேலைக்கு ஏஜென்ட் நாலு லட்சம் கேக்கிறார், நகையை வெச்சுக் கட்டலாமா?

கட்டாதீர்கள். 2006-ம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் இந்தியாவும் சேர்ந்திருக்கிறது. அதன்படி வேலை வாங்கித் தருவதற்காக மாலுமியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. மருத்துவச் சான்று, சி.டி.சி. என்னும் மாலுமிப் புத்தகம், பாஸ்போர்ட் இவற்றின் செலவு மட்டும் உங்களுடையது. ஆள் எடுக்கும் நிறுவனத்துக்கு ஆர்.பி.எஸ்.எல். என்ற உரிம எண் இருக்க வேண்டும், கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் தளத்தில் அதைச் சரிபார்க்கலாம். படிப்புக்கான கட்டணம் வேறு, வேலைக்கான "பிளேஸ்மென்ட்" பணம் வேறு. இரண்டையும் கலந்து பேசுகிறார் என்றாலே எழுந்து வந்துவிடுங்கள்.

கரையில் வேலைக்கு வெளிநாடு அனுப்பும் ஏஜென்ட் என்றால் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு இருக்க வேண்டும், அவர் வாங்கக்கூடிய உச்சத் தொகை 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும். "டூரிஸ்ட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்றால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று கூட்டிப்போய், எல்லை தாண்டி மியான்மரில் அடைத்துவைத்து இணைய மோசடி செய்யவைக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதில் சிக்கி மீட்கப்பட்டிருக்கிறார்கள். சந்தேகம் என்றால் பணம் கட்டும் முன் அயலகத் தமிழர் நலத்துறையைக் கேளுங்கள். நகையை அடகு வைத்தபின் கேட்டு வருகிறவர்களிடம் என்ன சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

உடம்பு தாங்குமா தம்பி, கண்ட தண்ணி, கண்ட சாப்பாடு?

வயிறு ஒரு மாதத்தில் பழகிவிடும், முதுகும் தூக்கமும்தான் பழகாது. கப்பலில் 24 மணி நேரத்தில் 10 மணி நேரமாவது ஓய்வு, வாரத்துக்கு 77 மணி நேரம் என்று சர்வதேச விதியே இருக்கிறது. கரையில் அப்படி யாரும் நமக்கு எண்ணிக் கொடுப்பதில்லை, ராத்திரி முழுக்க ரயிலில் வந்து காலை எட்டு மணிக்கு சைட்டில் நிற்கச் சொல்வார்கள். வாரத்தில் ஒரு தடவைக்கு மேல் அதைச் செய்யாதீர்கள். ஆப்பிரிக்காவின் பல நாடுகளுக்கும் தென் அமெரிக்காவின் சில நாடுகளுக்கும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி வேண்டும், சென்னை கிண்டி கிங் ஆய்வகத்தில் போடுவார்கள். போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்று செல்லும், அதன் பிறகு ஆயுளுக்கும் போதும். அப்புறம் பையில் ஒரு டப்பா இட்லிப் பொடி. எந்த ஊரிலும் ரொட்டிக்குக்கூட அது துணை.

பொண்ணுங்களுக்கு இதெல்லாம் சரிப்படுமா?

இதைக் கேட்கும் ஆச்சிகளின் பயம் எனக்குப் புரிகிறது, ஆனால் பெண்ணை நிறுத்துவதற்குப் பதில் கம்பெனியைக் கேள்வி கேளுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்குமேல் போய்ச் சேரும் பயணம் போடுவார்களா, ஸ்டேஷனிலிருந்து வண்டி உண்டா, லாட்ஜை யார் தேர்ந்தெடுக்கிறார்கள், பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளும் உரிமை அவளிடம் இருக்கிறதா? 2013-ம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி வேலைக்காகப் போகும் எந்த இடமும், கம்பெனி கொடுக்கும் வண்டி உட்பட, பணியிடம்தான். வாடிக்கையாளர் இடத்தில் நடந்தது என்று கம்பெனி கையைக் கழுவ முடியாது. பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும், அதில் யார் யார் என்று சேரும் நாளே கேட்டு வைக்கட்டும்.

தேவகோட்டைப் பெண் ஒருத்தி ஆடிட் வேலையில் மூன்று மாநிலம் சுற்றி வருகிறாள். அவள் அம்மா முதல் வருடம் தினமும் அழுதார். இப்போது மகள் கிளம்புவதற்குள் அவரே ரயில் நேரத்தைச் சொல்கிறார்.

பையனுக்குப் பொண்ணு தர மாட்டேங்கிறாங்களே?

உண்மையை மறைத்துப் பேசினால்தான் சிக்கல். "அப்பப்போ போவான்" என்று சொல்லாதீர்கள், "மாதத்தில் 15 ராத்திரி இருக்க மாட்டான்" என்று எண்ணைச் சொல்லுங்கள், அதையும் தரகரிடம் மட்டும் சொல்லாமல் பெண்ணிடமே சொல்லுங்கள். சில பெண்கள் அதற்குச் சரி என்பார்கள், தனக்கென்று வேலையும் தோழமையும் உள்ளவர்கள் பல பேர் அப்படித்தான். வேண்டாம் என்று சொல்பவர்கள் கல்யாணத்துக்கு முன் சொல்லட்டும்.

எங்கே குடியிருப்பது என்பதையும் அப்போதே பேசிவிட வேண்டும். காரைக்குடியிலிருந்து திருச்சி விமான நிலையமும் மதுரை விமான நிலையமும் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். மாதம் ஒரு தடவை போகிறவருக்கு அது ஒன்றுமில்லை, சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் திருச்சியிலிருந்தே நேர் விமானம் இருக்கிறது. வாரம் இரண்டு தடவை என்றால் வருடத்தில் எத்தனை ராத்திரி அந்த ரோட்டிலேயே போகும் என்று எண்ணிப் பார்த்துவிட்டு முடிவு எடுங்கள்.

வெளிநாட்டுல ஆறு மாசம் இருந்தா வருமான வரியே கிடையாதாமே?

அரைகுறையாகப் பரவிய செய்தி. ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான வருடத்தில் நீங்கள் இந்தியாவில் இருந்த நாட்கள் 182-ஐத் தொட்டுவிட்டால் இங்கே குடியிருப்பவராகிவிடுவீர்கள், உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் இங்கே கணக்குக் காட்ட வேண்டும். வெளியில் 180 நாள் இருந்தேன் என்றால் மீதி 185 நாள் இங்கே இருந்திருக்கிறீர்கள், அவ்வளவுதான், தாண்டிவிட்டது. வெளிநாடு போகும் கப்பலில் இருப்பவர்களுக்கு சி.டி.சி.யில் பதிவாகும் சைன் ஆன், சைன் ஆஃப் (கப்பல் வேலையில் சேர்ந்த, இறங்கிய) தேதிகளை வைத்து எண்ணுவார்கள்.

இந்தியக் கம்பெனி இங்கே சம்பளம் போட்டு என்னைப்போல் மூன்று வாரம், ஐந்து வாரம் என்று வெளிநாட்டு சைட்டுக்கு அனுப்பினால் இந்தச் சலுகை பெரும்பாலும் எட்டவே எட்டாது. பாஸ்போர்ட் முத்திரைத் தேதிகளை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள், ஜூலையில் ஆடிட்டர் முன்னால் உட்காரும்போது தேடவேண்டியிருக்காது.

அப்பா அம்மா ரெண்டு பேரும் பெரிய வீட்டுல தனியா இருக்காங்க. நான் எப்படிப் போறது?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன். எங்கள் வீடு அரண்மனை மாதிரி வீடு இல்லை, மாடியும் ஒரு நடுமுற்றமும் உள்ள பழைய வீடு. அப்பாவுக்கு மாடி அறைதான் பிடிக்கும், காற்று வரும் என்பார். நான் டாக்கா பக்கத்தில் காஜிப்பூரில் ஒரு மில்லில் இருந்தபோது அவர் ராத்திரி தண்ணீர் குடிக்க இறங்கி, படியில் சறுக்கி, இடுப்பு எலும்பு முறிந்தது. அம்மா கத்தியது அந்தப் பெரிய வீட்டைத் தாண்டித் தெருவுக்குக் கேட்கவில்லை. விடிந்து பால்காரர் வந்துதான் ஆள் சேர்ந்தது. மில்லில் இயந்திரத்தைப் பாதியில் விட்டு வர எனக்குப் பதில் ஆள் இல்லை, நான் வந்து சேர மூன்று நாள். அப்பா அப்புறம் நடக்கவே இல்லை, எட்டு மாதத்தில் போய்விட்டார். ரிலீவர் யார் என்று கேளுங்கள் என்று மேலே அத்தனை அழுத்திச் சொன்னது இதனால்தான்.

கம்பெனியில் எப்படி ஒரு ரிலீவர் வேண்டுமோ அப்படி வீட்டிலும் ஒருவர் வேண்டும். உறவுக்காரர் என்பதைவிட, பத்து நிமிடத்தில் வந்து நிற்கக்கூடியவர் என்று பாருங்கள். பக்கத்து வீட்டில் ஒரு சாவி, டாக்டர் எண்ணும் ஆம்புலன்ஸ் எண்ணும் பெரிய எழுத்தில் சுவரில், அம்மா கைக்கு எட்டும் இடத்தில் ஒரு அழைப்பு மணி, அதன் ஒலி வெளியே தெருவில் கேட்கும்படி. அப்பா கணக்கில் உங்கள் பெயரையோ அம்மா பெயரையோ சேர்த்து, இருவரில் யார் வேண்டுமானாலும் பணம் எடுக்கும்படி செய்துவிடுங்கள், ஆஸ்பத்திரியில் அட்வான்ஸ் கட்டும்போது கணக்கில் பணம் இருந்தும் எடுக்க முடியாமல் நின்ற வீடுகள் உண்டு. மருந்துச் சீட்டையும் இன்சூரன்ஸ் அட்டையையும் படம் எடுத்து அந்தப் பத்து நிமிட ஆளின் போனில் போட்டு வையுங்கள். வந்து நிற்பவருக்கு வெறும் நன்றி சொல்லிவிட்டுப் போகாமல், மாதாமாதம் ஏதாவது கொடுங்கள், அல்லது அவர் வீட்டுக் காரியத்துக்கு முதல் ஆளாக நில்லுங்கள்.

இவ்வளவு செய்தும் பெற்றோர் இருவருக்கும் உடம்பு முடியாத நிலை என்றால், மாதக்கணக்கில் போகும் வேலையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். ராத்திரி வீடு திரும்பும் பயண வேலை இருக்கிறது, இங்கேயே வெளிநாட்டுச் சுற்றுலாக்காரர்களுக்கு வழிகாட்டும் வேலை இருக்கிறது. ஆத்தங்குடித் தரைக் கல் எப்படிச் செய்கிறார்கள், முகப்பு எதற்கு, வளவு எதற்கு என்று நல்ல ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் நிறையப் பேர் வேண்டும்.

எத்தனை வருஷம் இப்படியே போக முடியும்? அதுக்கப்புறம்?

முப்பத்தெட்டு, நாற்பதுக்குமேல் உடம்பும் பிள்ளைகளின் படிப்பும் சேர்ந்து இழுக்கும். அதற்குள் கரையில் நிற்க ஒரு படியைக் கட்டிக்கொள்ள வேண்டும். கப்பல் அதிகாரிகள் அடுத்தடுத்த தகுதித் தேர்வுகளை முடித்து கப்பல் நிறுவனங்களின் அலுவலக வேலைக்கு வருகிறார்கள், லோகோ பைலட்டுகள் பயிற்றுநர் ஆகிறார்கள். எங்கள் வேலையில் எழுதி வைத்தவர்கள்தான் தப்பித்தார்கள்: எந்த மில்லில் என்ன பழுது, எப்படிச் சரியானது என்று. என்னிடம் 31 நோட்டு இருந்தது, அதை வைத்துத்தான் இன்று மில்களுக்குப் போனிலேயே ஆலோசனை சொல்லிப் பிழைக்கிறேன்.

மாமா, நீங்க மறுபடி இருபத்திரண்டு வயசுப் பையனா இருந்தா இதே வேலைக்குப் போவீங்களா?

போன மாதம் குன்றக்குடியில் ஒரு பையன் கேட்டது. போவேன். இருபத்திரண்டு வயதில் குஜராத்தில் ஒரு மில் முதலாளியும் துப்புரவு செய்பவரும் ஒரே தரையில் உட்கார்ந்து டீ குடித்ததைப் பார்த்தது, பாஷை தெரியாத பங்களாதேஷ் பையன்களுக்குக் கையைப் பிடித்து இழை கோக்கக் கற்றுக்கொடுத்தது, இதெல்லாம் ஊரோடு இருந்திருந்தால் எனக்குக் கிடைத்திருக்காது.

ஆனால் கிளம்பும் முன் அப்பாவோடு சண்டை போட்டாவது அவர் கட்டிலை மாடியிலிருந்து இறக்கி, தெருவைப் பார்த்த முன் அறையில் போட்டுவிட்டுத்தான் போவேன்.